பற்று வரவு

முதலில் ஒரு பட்டியல்.

பொன் கிண்ணம் 2. வெள்ளிக் கிண்ணம் 6. வெள்ளி விளக்கு 7. சங்கிலியோடு வெண்கல விளக்கு 11. பெண்கள் அங்கி 82. முக்காட்டுத் துணி 38. ஆண்கள் அங்கி 16. ஆண்கள் செருப்பு 13 ஜோடி. பெண்கள் செருப்பு 47 ஜோடி.

பாத்திரக் கடையும் ஜவுளிக் கடையும் சேர்ந்து ஸ்டாக் எடுத்த மாதிரி இருக்கிறதா? இல்லை. இது ஒரு ரெய்டில் சிக்கிய பொருட்களின் பட்டியல். தேதி, கி.பி. 303 மே 19. இடம், வட ஆப்பிரிக்காவில் சிர்ட்டா என்ற ஊர். இன்றைக்கு அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என்ற பெயரில் இருக்கிறது.

அந்த வருடம் பிப்ரவரியில் ரோமச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் ஓர் ஆணை போட்டிருந்தார். கிறிஸ்துவர்கள் கூடும் இடங்களை இடியுங்கள், அவர்களுடைய வேதப் புத்தகங்களைக் கொளுத்துங்கள் என்று. சிர்ட்டா நகர அதிகாரி முனேஷியஸ் ஃபெலிக்ஸ், குமாஸ்தாக்கள் சகிதம் அவர்கள் கூடுகிற வீட்டுக்குப் போனார். ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க, எழுதிக்கொண்டார்கள். புத்தக அலமாரியைத் திறந்தால் காலி. சாப்பாட்டு அறையில் தாழிகளும் ஜாடிகளும். அந்தக் குறிப்பு பிற்பாடு ஒரு வழக்கில் சாட்சியமாகத் தாக்கலானது. அதனால்தான் 1700 வருடம் தாண்டி நம் கைக்கு வந்திருக்கிறது.

பட்டியலைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். பி.காம். படித்த தோஷம். தங்கம் 2, வெள்ளி 6 என்றால் புரிகிறது, வழிபாட்டுக்கு. ஆனால் 82 பெண்கள் அங்கி எதற்கு? 47 ஜோடிச் செருப்பு யாருக்கு? ஏழைகளுக்குக் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்தவை என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலருடைய கருத்து. ஆண்கள் துணி குறைவு, பெண்கள் துணி அதிகம். ஏனென்றால் அந்தக் காலத்தில் கதியற்றுப் போனவர்களில் விதவைகள் அதிகம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கடவுள் நம்பிக்கை என்று சொல்கிறோமே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

விளையாட்டாகக் கேட்கவில்லை. கணக்குப் பதிவியலில் ‘பற்று’ என்று ஒரு பக்கம் உண்டு. கடவுளிடம் வைக்கும் பற்றுக்கும் அதே சொல்தான். பற்றுப் பக்கத்தில் இரண்டு ஆசாமிகள் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சொத்து, இன்னொருவர் செலவு. வருஷம் முடிகிறவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மார்ச் 31 வந்தால் தெரிந்துவிடும். சொத்து பேலன்ஸ் ஷீட்டில் போய் கம்பீரமாக உட்கார்ந்துகொள்ளும். செலவு லாப நஷ்டக் கணக்கில் கரைந்து காணாமல் போய்விடும்.

நம்மில் பெரும்பாலானவர்கள் நம்பிக்கையைச் சொத்தாகத்தான் வைத்திருக்கிறோம். இந்த மதம், அந்த மதம் என்றில்லை. எனக்கு ஒரு பாதுகாப்பு, மனசுக்கு ஒரு தெம்பு, கஷ்டம் வந்தால் போய் நிற்க ஓர் இடம். தப்பே இல்லை. ஆனால் முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்துவர்களைப் பற்றிக் கிடைக்கிற பழைய காகிதங்களைப் புரட்டினால், நம்பிக்கையைச் செலவுத் தலைப்பில் எழுதியவர்கள் கண்ணில் படுகிறார்கள். அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம். நீங்கள் கிறிஸ்துவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. எதையாவது நம்புகிறவராக இருந்தால் போதும்.

அவர்களைப் பற்றி வெளியாள் ஒருவர் கொடுத்த ரிப்போர்ட்டிலிருந்து ஆரம்பிப்போம். ஆடிட்டர் வெளியாளாக இருந்தால்தானே நம்பலாம்?

சுமார் 112-ஆம் வருடம். இன்றைய துருக்கியின் வடக்கில் பித்தினியா. அங்கே கவர்னராக இருந்த பிளினி, சக்கரவர்த்தி டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இந்தக் கிறிஸ்துவர்களை என்ன செய்வது என்று யோசனை கேட்டு. மதத்தை விட்டு விலகியவர்களை விசாரித்திருக்கிறார். அங்கே பொறுப்பில் இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் பார்த்திருக்கிறார். ஏதோ பெரிய சதி வெளிவரும் என்று எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள், ஓர் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள்.

என்ன உறுதிமொழி? திருட மாட்டோம். கொள்ளையடிக்க மாட்டோம். பிறன்மனை நாட மாட்டோம். கொடுத்த வாக்கை மீற மாட்டோம். நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டோம்.

கடைசியைக் கவனியுங்கள். பேங்க் லாக்கர் இல்லாத காலம். வெளியூர் போகிறவன் காசைப் பக்கத்து வீட்டுக்காரனிடம்தான் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ரசீது கிடையாது. திரும்பி வந்து கேட்டால், ‘எந்தக் காசு?’ என்று சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன் என்று விடியற்காலையில் எழுந்து போய்ச் சத்தியம் செய்திருக்கிறார்கள்! மலையைப் பெயர்க்கிற சங்கதி ஒன்றும் அதில் இல்லை. வாங்கியதைத் திருப்பித் தருவது, அவ்வளவுதான். கைமாற்று வாங்கிவிட்டு நம்மைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் ரோடு தாண்டிப் போகிற நண்பர்களை நினைத்துக்கொண்டால், இது எவ்வளவு பெரிய உறுதிமொழி என்று புரியும்.

அடுத்தது உண்டியல்.

ரோமாபுரியில் அந்தக் காலத்தில் ஏகப்பட்ட சங்கங்கள் இருந்தன. ரோமுக்குப் பக்கத்தில் லானுவியம் என்ற ஊரில் இருந்த ஒரு சங்கத்தின் விதிமுறைகள் கல்வெட்டாகவே கிடைத்திருக்கின்றன. வருடம் 136. சேருவதற்கு 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு ஜாடி நல்ல திராட்சை மதுவும் கட்ட வேண்டும். மாதாமாதம் சந்தா. நீங்கள் இறந்தால் சங்கம் அடக்கச் செலவைப் பார்த்துக்கொள்ளும். சந்தா பாக்கி வைத்தால் கிடையாது. நம் ஊர் சங்கங்களின் பைலாவைப் படிக்கிற மாதிரியே இருக்கும்.

சுமார் 197-இல், கார்த்தேஜ் நகரத்தில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்துவ எழுத்தாளர் தங்கள் உண்டியலைப் பற்றி எழுதுகிறார். எங்களிடமும் ஒரு பெட்டி இருக்கிறது, ஆனால் நுழைவுக் கட்டணம் கிடையாது என்கிறார். மாதம் ஒரு முறையோ, மனசு வரும்போதோ, முடிந்தவர்கள் முடிந்ததைப் போடலாம். கட்டாயம் இல்லை. பணம் விருந்துக்குப் போகாது. ஏழைகளுக்குச் சோறு போடவும், அவர்களை அடக்கம் செய்யவும், சொத்தோ பெற்றோரோ இல்லாத பிள்ளைகளுக்கும், வீட்டோடு முடங்கிய கிழட்டு அடிமைகளுக்கும், கப்பல் கவிழ்ந்து எல்லாம் இழந்தவர்களுக்கும், நம்பிக்கைக்காகச் சுரங்கத்திலும் தீவிலும் சிறையிலும் அடைபட்டவர்களுக்கும் போகும்.

இதில் வித்தியாசம் எங்கே இருக்கிறது தெரிகிறதா? லானுவியம் சங்கத்தில் கட்டினவனுக்குத்தான் கிடைக்கும். அது இன்ஷூரன்ஸ். நியாயமான ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர்களுடைய பெட்டியிலோ போடுகிறவன் ஒருவன், எடுத்துக்கொள்கிறவன் வேறொருவன். அனாதைப் பிள்ளை எந்தக் காலத்தில் சந்தா கட்டியிருக்கப் போகிறது?

251-இல் ரோம் நகர பிஷப் கொர்னேலியஸ் எழுதிய ஒரு கடிதத்தில் அந்தச் சபையின் கணக்கு இருக்கிறது. குருமார்கள் 46 பேர். ஆதரவு பெறும் விதவைகளும் ஏழைகளும் 1500 பேருக்கு மேல். ஒரு குருவுக்கு 30 பேருக்கும் அதிகமாக வருகிறது. இது சட்டப்படி அங்கீகாரமே இல்லாத ஓர் அமைப்பின் கணக்கு. முந்தின வருடம்தான் அவர்களுடைய பிஷப்பையே அரசாங்கம் பலி வாங்கியிருந்தது.

சரி, எல்லாரும் மகாத்மாக்களா? அப்படிச் சொன்னால் நீங்களும் நம்ப மாட்டீர்கள், நானும் நம்ப மாட்டேன்.

அவர்களுடைய வேதமே அவர்களை விட்டுவைக்கவில்லை. ஜெருசலேமில் முதல் சபை கூடிய காலம். பர்னபா என்பவர் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலர்களிடம் கொடுத்தார். ஊரே பாராட்டியது. அதைப் பார்த்து அனனியா, சப்பீராள் என்ற தம்பதியும் ஒரு நிலத்தை விற்றார்கள். கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, வந்ததெல்லாம் இதுதான் என்று கொண்டுவந்து வைத்தார்கள். கதை அவர்கள் இருவரும் விழுந்து செத்ததாக முடிகிறது. கொஞ்சம் கடுமையான முடிவுதான். ஆனால் பேதுரு அவர்களைக் கண்டித்த விதம் முக்கியம். நிலம் உன்னுடையது, விற்ற பிறகு பணமும் உன் இஷ்டம், யாரும் கேட்கவில்லையே, பொய் எதற்குச் சொன்னாய் என்பதுதான் அவர் கேட்டது.

அதாவது, குறைவாகக் கொடுத்தது குற்றமில்லை. குறைவாகக் கொடுத்துவிட்டு முழுசாகக் கொடுத்த பெயரைச் சம்பாதிக்கப் பார்த்ததுதான் குற்றம். ட்யூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிற நமக்கு இந்த இடம் லேசாகக் குத்தும். குத்தட்டும்.

அடுத்த அத்தியாயத்திலேயே ஒரு பாரபட்சப் புகார். கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்குத் தினசரிச் சோற்றுப் பங்கீட்டில் ஓரவஞ்சனை நடக்கிறது, உள்ளூர் மொழிக்காரர்களையே கவனிக்கிறார்கள் என்று முணுமுணுப்பு. நம் ஊராக இருந்தால் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டு, அறிக்கை வருவதற்குள் விதவைகளே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் செய்தது வேறு. பங்கீட்டைப் பார்த்துக்கொள்ள ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கோலா என்று ஏழு பேர் பெயரும் அங்கே இருக்கிறது. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! புகார் சொன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர்களிடமே சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. ஓர் அமைப்பு நேர்மையாக இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. குறை சொல்கிறவனை எதிரியாகப் பார்க்கிறதா, பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கிறதா?

இதெல்லாம் நல்ல நாளில் நடந்தவை. கெட்ட நாளில்?

250-ஐ ஒட்டிய வருடங்களில் ரோம ராஜ்யத்தைக் கொள்ளைநோய் தாக்கியது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்ணில் எரிச்சல். பத்து வருடத்துக்கும் மேல் விட்டு விட்டு வந்தது. கார்த்தேஜில் பிஷப்பாக இருந்த சிப்ரியன் அதை விவரித்து எழுதியதால், இன்றைக்கும் அதற்குச் ‘சிப்ரியன் கொள்ளைநோய்’ என்றே பெயர். அலெக்ஸாண்டிரியா பிஷப் டயோனீஷியஸ் எழுதிய கடிதத்தில் வரும் காட்சி பயங்கரம். உயிர் போவதற்கு முன்பே நோயாளிகளைத் தெருவில் தள்ளிவிட்டு உறவினர்களே ஓடுகிறார்கள். கிறிஸ்துவர்களில் பலர் நோயாளிகளைத் தொட்டுத் துடைத்து, பணிவிடை செய்து, அதே நோயில் செத்துப்போகிறார்கள். எழுதியவர் அவர்கள் கட்சிக்காரர், ஆகவே கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள். அந்தப் பக்கத்திலும் நல்லவர்கள் இருந்திருப்பார்கள், இந்தப் பக்கத்திலும் ஓடினவர்கள் இருந்திருப்பார்கள்.

ஆனால் சிப்ரியனின் வாழ்க்கையை எழுதிய போன்டியஸ் ஒரு விஷயம் சொல்கிறார். நம்மவர்களை மட்டும் கவனித்தால் அதில் என்ன பெருமை, மற்றவர்களையும் கவனியுங்கள் என்று சிப்ரியன் சொன்னாராம். சொன்ன நேரத்தைப் பாருங்கள். அடக்குமுறை முடிந்து ஒன்றிரண்டு வருடம்கூட ஆகவில்லை. தங்களைக் காட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் தண்ணீர் கொடுக்கப் போக வேண்டும்.

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யப் போனபோது, ஆம்புலன்ஸைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டியது ஒரு கும்பல். சக டாக்டர் ஒருவர் நள்ளிரவில் போய் மண்ணை அள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். அந்த வருடமே தமிழ்நாட்டில் பல ஊர்களில், எந்த மதத்துக்காரர் என்று பார்க்காமல், யாரும் தொட வராத உடல்களை முஸ்லிம் தன்னார்வலர்கள் கொண்டுபோய் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். கல் எறிந்தவர்களிலும் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் இருந்திருப்பார்கள். நம்பிக்கை சொத்தாக இருந்தால், ஆபத்து வரும்போது அதைப் பூட்டிப் பாதுகாக்கத் தோன்றும்.

இங்கே உங்களில் சிலர் கை தூக்குவது தெரிகிறது. ‘அதெல்லாம் சரி சார், ஆள் பிடிக்கத்தானே இதெல்லாம் செய்தார்கள்?’

நல்ல கேள்வி. நீங்கள் முதல் ஆள் இல்லை. 361-இல் பதவிக்கு வந்த சக்கரவர்த்தி ஜூலியன் இதையே கேட்டார். கிறிஸ்துவராக வளர்ந்து, அதை உதறிவிட்டுப் பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர். பலகாரத்தைக் காட்டிக் குழந்தையைக் கடத்துகிறவன் மாதிரி, தர்மத்தைக் காட்டி ஜனங்களை இழுக்கிறார்கள் என்று கோபப்பட்டார். ஆனால் கலாத்தியா பகுதியின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில் உண்மையையும் ஒப்புக்கொண்டார். அவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறார்கள், நமக்கு வெட்கமாக இல்லையா என்று. ஊருக்கு ஊர் சத்திரங்கள் கட்டச் சொன்னார். வருடத்துக்கு 30,000 மரக்கால் கோதுமையும் 60,000 படி மதுவும் ஒதுக்கினார். மரக்கால், படி என்பது நம் அளவு, அவர்களுடையதற்கு ஏறக்குறைய.

எதிரியே காப்பியடிக்கிற அளவுக்கு வேலை நடந்திருக்கிறது என்பதற்கு இது சாட்சி. நோக்கம் சுத்தமா என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது. நோக்கத்தை எப்படி அளப்பது? மனசைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. உதவி வாங்கியவன் உங்கள் பக்கம் வரவில்லை என்று தெரிந்த பிறகும் அவனுக்குச் சாப்பாடு தொடர்கிறதா? தொடர்ந்தால் அது தர்மம். நின்றுபோனால் அது விளம்பரச் செலவு. 1700 வருடம் முன்னாலும் இதுதான் அளவுகோல், இன்றும் இதுதான். கோயில், சர்ச், மசூதி, கட்சி ஆபீஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இனி வருவதுதான் கஷ்டமான பகுதி.

நம்பிக்கைக்கு விலை உண்டு என்றால், அந்த விலையைக் கொடுக்க முடியாமல் போகிறவர்களும் உண்டு. வியாபாரத்தில் வாராக் கடன் இல்லாத கம்பெனி கிடையாது. அவர்களை என்ன செய்வது?

250-இல் சக்கரவர்த்தி டீசியஸ், ராஜ்யத்தில் உள்ள எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கொடுத்ததற்கு அத்தாட்சியாக ஒரு சர்ட்டிபிகேட். எகிப்தின் மணலில் அந்த பாப்பிரஸ் சர்ட்டிபிகேட்டுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ‘எப்போதும் பலி கொடுத்து வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் கொடுத்தேன்’ என்ற பாணியில் மனு, கீழே அதிகாரிகள் கையெழுத்து. வேடிக்கை என்னவென்றால், முதலைத் தெய்வத்துக்குப் பூசாரியாக இருந்த ஒரு பெண்மணியும் இந்தச் சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கிறார். அரசாங்க ஆபீஸ் என்றால் அன்றைக்கும் அப்படித்தான். பூசாரியே ஆனாலும் பேப்பர் வேண்டும்.

கிறிஸ்துவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் மறுத்து உயிரைக் கொடுத்தார்கள். பலர் ஓடி ஒளிந்தார்கள். சிப்ரியனே ஊரை விட்டுப் போய் மறைந்திருந்துதான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பலி கொடுத்தவர்களும் உண்டு. இன்னும் சிலர் நமக்கு ரொம்பப் பழக்கமான வழியில் போனார்கள். லஞ்சம் கொடுத்து, பலி கொடுக்காமலேயே சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டார்கள்!

ஆபத்து நீங்கியதும் எல்லாரும் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். ரோமில் நோவேஷியன் என்பவர், கதவைத் திறக்கவே கூடாது என்றார். கணவனை இழந்தவள், கை முறிந்தவன் எல்லாம் உள்ளே இருக்கும்போது, மறுதலித்துவிட்டு வந்தவனுக்கும் அதே இடமா? நியாயமான கோபம். இன்னொரு பக்கம், சிறையில் துன்பப்பட்ட சிலர் சிபாரிசுக் கடிதம் கொடுக்க ஆரம்பித்தார்கள். ‘இன்னாரையும் அவர் வீட்டாரையும் சேர்த்துக்கொள்க’ என்று, எத்தனை பேர் என்றே சொல்லாமல். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி.

சிப்ரியன் இரண்டையும் ஏற்கவில்லை. 251-இல் பிஷப்புகள் கூடி, ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பது என்று முடிவு செய்தார்கள். சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கியவர் கதை வேறு, தானே முன்வந்து பலி கொடுத்தவர் கதை வேறு, அடி தாங்காமல் விழுந்தவர் கதை வேறு. காலம் எடுத்துக்கொண்டு, வருந்தி, பிறகு சேரலாம். அடுத்த அடக்குமுறை வரும்போல் தெரிந்ததும், காத்திருந்தவர்களையெல்லாம் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். மறுபடி சோதனை வரும்போது தனியாக விட்டால் மறுபடி விழுவான், கூட நின்றால் ஒருவேளை நிற்பான் என்பது அவர்கள் வாதம். 258 செப்டம்பர் 14 அன்று சிப்ரியன் முறை வந்தது. இந்த முறை அவர் ஓடவில்லை. தலையைக் கொடுத்தார். எட்டு வருடம் முன்னால் ஒளிந்தாரே, அந்த மனிதரை அன்றைக்கே கோழை என்று முத்திரை குத்தி மூட்டை கட்டியிருந்தால்?

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் இருக்கிறது. அது சிர்ட்டாவில் நடந்தது. அந்த ரெய்டு நாளில் இரண்டு பேர், புத்தகம் வைத்திருக்கும் வாசகர்களின் பெயரைச் சொல்ல மாட்டோம் என்று மறுத்தார்கள். ஆனால் சில்வானஸ் என்ற உதவிப் பணியாளர் ஒரு ஜாடிக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளிப் பெட்டியையும் வெள்ளி விளக்கையும் எடுத்துக் கொடுத்தார். பயம். மனித சுபாவம். இத்தோடு போயிருந்தால் யாரும் நினைவு வைத்திருக்க மாட்டோம். அவர் பிற்பாடு அதே ஊருக்கு பிஷப் ஆனார். சேர்ந்த கட்சி எது தெரியுமா? பொருளை ஒப்படைத்த துரோகிகள் யாரும் குருவாக இருக்கக் கூடாது என்று முழங்கிய டோனடிஸ்ட் கட்சி! 320-இல் அவரோடு சண்டை போட்ட அவருடைய டீக்கனே பழைய ரெய்டு குறிப்பைக் கோர்ட்டில் வைத்தார். நாம் ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்தப் பட்டியல் பிழைத்தது இப்படித்தான். அந்தப் பிளவு நூறு வருடம் தாண்டியும் ஆப்பிரிக்கச் சபையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

மற்றவர்களிடம் பூஜ்யம் பாக்கி கேட்கிறவர்களின் பழைய நோட்டைப் புரட்டினால் ஏதாவது ஒரு வெள்ளி விளக்கு இடிக்கும்.

அந்தச் சபையைப் பொற்காலம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனசில்லை. கொரிந்து நகரத்தில் பொது விருந்து என்று கூடி, வசதியானவர்கள் முன்பே சாப்பிட்டுவிட, ஏழைகள் பசியோடு நின்றதைப் பவுல் கண்டித்திருக்கிறார். கிழட்டு அடிமைக்குச் சோறு போட்டார்கள், ஆனால் அடிமை முறையே தப்பு என்று எழுந்து நிற்கவில்லை. அரசாங்கம் நண்பனான பிறகு நிலைமை இன்னும் சுவாரசியம். 321-இல் கான்ஸ்டன்டைன் சபைக்கு உயில் எழுதி வைக்கலாம் என்று சட்டம் போட்டார். ஐம்பது வருடத்துக்குள், 370-இல், குருமார்கள் சொத்துக்காக விதவைகள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று இன்னொரு சட்டம் போட வேண்டி வந்தது! விதவைகளுக்கு அங்கி சேர்த்து வைத்த சபைதான். செலவுத் தலைப்பில் இருந்தது சொத்துத் தலைப்புக்கு மாறியதும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

அதற்காக எல்லாவற்றையும் விற்றுத் தெருவில் நிற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பேதுருவே அப்படிச் சொல்லவில்லை என்று பார்த்தோம். கொடுப்பது உங்கள் இஷ்டம். கொடுத்ததற்கு மேல் பெயர் வாங்காமல் இருந்தால் சரி. கேட்டால் திருப்பித் தருவது, குறை சொல்கிறவனிடம் சாவியைக் கொடுப்பது, நம்மைச் சேராதவனுக்கும் தண்ணீர் கொண்டுபோவது, விழுந்தவனை விசாரித்துச் சேர்த்துக்கொள்வது. இதற்கெல்லாம் வேத பாண்டித்தியம் வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றும் கையைக் கடிக்கும். காசாகவோ, நேரமாகவோ, கௌரவமாகவோ.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். போன மாதத்துச் செலவு நோட்டையோ பேங்க் பாஸ்புக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மதத்தின் பெயரையோ கொள்கையின் பெயரையோ யாரிடமும் சொல்ல வேண்டாம். அந்த நோட்டை மட்டும் முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவிடம் கொடுத்தால், முனேஷியஸ் ஃபெலிக்ஸின் ஆள் மாதிரி ஒருவரிடம், நீங்கள் எதை நம்புகிறவர் என்று அவரால் கண்டுபிடிக்க முடியுமா?